ரெண்டு கடை, அறுநூறு கோடி

2024 ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு கம்பெனியின் பங்கு வெளியீட்டு ஆவணத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னடா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிற?"

"கோல்ஹாப்பூர்ல ஒரு புடவை மொத்தக் கடைப்பா. திங்கட்கிழமை ஷேர் வெளியீடு ஆரம்பிக்குது."

"எத்தனை கடை?"

"ரெண்டு."

"வருஷத்துக்கு என்ன ஓடுது?"

"அறுநூத்துப் பன்னெண்டு கோடி."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் 31 வருஷம் புடவைக் கடை நடத்தியவர். எங்கள் கடையில் நல்ல தீபாவளி என்றால் என்ன ஓடும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் வாயைப் பிளப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அதுல கடன்ல நிக்கிறது எவ்வளவு?"

நான் அதுவரை நூறு பக்கத்துக்கு மேல் புரட்டியிருந்தேன். புடவைச் சந்தையின் அளவு, பெண்களின் உடைப் பழக்கம், வளர்ச்சி வாய்ப்பு என்று வண்ண வரைபடங்களை எல்லாம் பார்த்தாயிற்று. அப்பா கேட்ட கேள்விக்கான பக்கத்துக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

அந்தக் கம்பெனி சரஸ்வதி சாரி டிப்போ. பெயரிலேயே டிப்போ இருக்கிறது. நம்மூர் ஜவுளிக் கடைகள் "பேலஸ்", "மஹால்" என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும்போது, சரக்குக் கிடங்கு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கடை எனக்கு ஏனோ முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது. (முதலீட்டாளருக்கு இருக்கக் கூடாத பலவீனம் இது. பெயர் பிடித்து வாங்கிய இரண்டு பங்குகள் இன்னும் என் கணக்கில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.)

1966-ல் தொடங்கிய வியாபாரம். கூட்டு வியாபாரமாக இருந்து 2021-ல்தான் கம்பெனியானது. ஒரு கடை மகாராஷ்டிராவின் கோல்ஹாப்பூரில், காந்திநகர் சாலையில். இன்னொன்று மும்பைக்கு வெளியே உல்ஹாஸ்நகரில். இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கதை தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து அகதிகளைத் தங்கவைக்க கோல்ஹாப்பூருக்குப் பக்கத்தில் வளிவடே என்ற இடத்தில் ஒரு முகாம் போட்டார்கள். போர் முடிந்து அவர்கள் போன பிறகு, பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். அதுதான் இன்றைய காந்திநகர், மொத்த ஜவுளிக்குப் பேர்போன இடம். உல்ஹாஸ்நகரும் அதே கதைதான். ராணுவ முகாமாக இருந்து சிந்தி அகதிகளின் ஊரானது. நிலம் இல்லாமல் வந்தவர்கள் துணியைத் தோளில் போட்டு விற்றே ஒரு சந்தையை உண்டாக்கியிருக்கிறார்கள். ஐபிஓ, அதாவது முதல் பங்கு வெளியீட்டின் மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் இப்படி ஒரு சந்தைக்குள் உட்கார்ந்திருக்கும் கடைக்கு வாடிக்கையாளர் தானாக நடந்து வருவார் என்பது ஈரோடு ஜவுளிச் சந்தைக்குத் திங்கட்கிழமை ராத்திரி பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். அப்பா அப்படி எத்தனை முறை ஏறியிருப்பார் என்று கணக்கே இல்லை.

சரி, எண்களுக்கு வருகிறேன்.

ஒரு பங்கு 152 முதல் 160 ரூபாய். ஒரு லாட்டுக்கு, அதாவது குறைந்தபட்சம் கேட்க வேண்டிய கட்டுக்கு, 90 பங்கு, ஆக 14,400 ரூபாய். மொத்த வெளியீடு 160 கோடி. அதில் 104 கோடி கம்பெனிக்குப் போகும் புதிய பணம். மீதி 56 கோடி, குடும்பத்தினர் தங்கள் கைப்பங்கை விற்று எடுத்துக்கொள்வது. குடும்பம் கொஞ்சம் பணம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அத்தனை வருஷம் உழைத்தவர்கள். மொத்தமும் அவர்கள் பைக்கே போயிருந்தால்தான் யோசித்திருப்பேன்.

ஆண்டு விற்பனை: 2021-22-ல் சுமார் 550 கோடி, 2022-23-ல் 603 கோடி, 2023-24-ல் 612 கோடி. லாபம்: முறையே 12.3 கோடி, 23 கோடி, 29.5 கோடி.

இந்த இரண்டு வரிசைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். கடைசி வருஷத்தில் விற்பனை ஒன்றரை சதவீதம்தான் ஏறியிருக்கிறது. லாபம் 28 சதவீதம் ஏறியிருக்கிறது. அதாவது புடவை அதிகம் விற்கவில்லை. விற்ற புடவையில் அதிகம் மிஞ்சியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் விற்பனைக்கு 22 ரூபாய் மிஞ்சிய இடத்தில், இரண்டே வருஷத்தில் 48 ரூபாய் மிஞ்சுகிறது.

இதற்கு நல்ல காரணங்கள் இருக்கலாம். கொள்முதலில் பேரம் படிந்திருக்கலாம், விலை கூடிய ரகங்கள் ஓடியிருக்கலாம், வட்டிச் செலவு இறங்கியிருக்கலாம். கொரோனாவில் படுத்த வியாபாரம் எழுந்து நின்ற காலமும் அதுதான். ஆனால் பங்குச் சந்தைக்கு வருகிற வருஷத்தில் வந்து நிற்கிற லாப விகிதம், பெண் பார்க்க வருகிற அன்று வீட்டுக்கு அடித்த வெள்ளை மாதிரி. பொய் என்று சொல்ல முடியாது. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான். எல்லா ஐபிஓவுக்கும் நான் வைத்திருக்கிற சந்தேகம் இது; இந்தக் கம்பெனிக்கென்று தனியாக எதுவும் இல்லை.

160 ரூபாய் விலைக்கு, வெளியீட்டுக்குப் பிறகு வரும் மொத்தப் பங்குகளையும் கணக்கில் எடுத்தால் கம்பெனியின் மதிப்பு சுமார் 634 கோடி. ஒரு வருஷ லாபத்தைப் போல் இருபத்தொன்றரை மடங்கு. பழைய பங்கு எண்ணிக்கையை வைத்துப் பதினெட்டு மடங்கு என்று சொன்னவர்களும் உண்டு. புதிய பங்குகளுக்கும் சேர்த்துத்தானே நாம் பணம் கட்டுகிறோம்? எனக்கு இருபத்தொன்றரைதான் சரியான எண்.

இருபத்தொன்றரை மலிவா? இதைத்தான் யூடியூபில் எல்லாரும் மான்யவர் பிராண்டை வைத்திருக்கும் வேதாந்த் பேஷன்ஸோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அது அறுபது மடங்குக்கு மேல் ஓடுகிறது, இது இருபது மடங்குக்குக் கிடைக்கிறது" என்று. இட்லிக் கடையையும் அரிசி மண்டியையும் ஒப்பிடுகிற வேலை இது. வேதாந்த் அதே 2023-24-ல் 1,367 கோடி விற்று 414 கோடி லாபம் பார்த்த கம்பெனி. நூறு ரூபாய்க்கு முப்பது ரூபாய். மாப்பிள்ளை உடுப்பில் தன் பெயரைத் தைத்து, அந்தப் பெயருக்கு விலை வாங்குகிற வியாபாரம் அது. சென்னையிலிருந்து 2021-ல் சந்தைக்கு வந்த கோ பேஷன் கம்பெனியும் அந்த வகைதான். லெக்கிங்ஸுக்கு 'கோ கலர்ஸ்' என்று ஒரு பெயரைக் கட்டி எழுப்பியது. கொஞ்சம் கிட்டத்தில் வருவது 2023 செப்டம்பரில் வந்த சாய் சில்க்ஸ் கலாமந்திர். அவர்கள் நேரடியாகப் பட்டு கட்டுகிற பெண்களிடம் விற்கிறார்கள். 1,370 கோடி விற்பனைக்கு 100 கோடி லாபம், அதாவது நூற்றுக்கு ஏழு. சில்லறைக்கே ஏழுதான் என்னும்போது மொத்த வியாபாரிக்கு ஐந்து என்பது கை நிறையத்தான்.

மொத்த வியாபாரியின் புடவையில் அவர் பெயர் இருக்காது. ஜல்காவிலோ சாங்லியிலோ ஒரு பெண் புடவை எடுக்கும்போது, அது எந்த டிப்போவிலிருந்து வந்தது என்று கேட்கப் போவதில்லை. கடைக்காரர் மட்டும்தான் கேட்பார். அவரும் இரண்டு கேள்விதான் கேட்பார்: என்ன விலை, எத்தனை நாள் தவணை.

அப்பாவின் கேள்விக்கு அப்படித்தான் திரும்பி வந்தேன்.

கம்பெனியிடம் ஒரு வருஷத்தில் வாங்கிய கடைக்காரர்கள் 13,000 பேருக்கு மேல். 612 கோடியை வகுத்தால் ஆளுக்குச் சுமார் 4.7 லட்சம். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம மாதிரி கடைங்கதான்" என்றார். எனக்கு அந்தக் கணத்தில்தான் அது உறைத்தது. இந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொள்ள நான் எந்த ஆய்வறிக்கையும் படிக்க வேண்டாம். பதின்மூன்றாயிரம் அப்பாக்கள். எங்கள் வீட்டுப் பரணில் அவர்களைப் போன்ற ஒருவருடைய பாக்கி நோட்டு இருக்கிறது.

அந்த நோட்டை இறக்கினோம். அம்மாவுக்குத்தான் கோபம், தூசி முழுக்கக் கூடத்தில் கொட்டியது.

மொத்தக் கடைக்காரர் எங்களுக்கு 60 நாள் தவணை கொடுத்திருந்தார். அப்பா அடைத்த தேதிகளைப் பார்த்தால் தை மாதம் 55 நாள், வைகாசியில் 60, ஆடி பிறந்தால் 90, புரட்டாசியில் 110. ஐப்பசியில் தீபாவளி ஓடியதும் மொத்தமாக அடைத்திருக்கிறார். அப்பா நாணயமானவர் என்று ஊரே சொல்லும். அந்த நாணயமானவரின் கணக்கே இப்படி. ஒரு வருஷம், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாவின் பெயரில் வந்த புடவையை நம்பி 40 உருப்படி எடுத்துவிட்டார். படம் ஓடியது, புடவை ஓடவில்லை. மறு ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்கும் போகாமல், கடைசியில் சொந்தக்காரர் கல்யாணங்களில் வைத்துக்கொடுத்தே தீர்த்தோம். அந்தச் சரக்குக்கான பணம் அடைபட 140 நாள். மொத்தக் கடைக்காரர் போன் போட்டபோதெல்லாம் "அப்பா வெளிய போயிருக்காரு" என்று சொன்னது நான்தான். எட்டாம் வகுப்பு.

அந்தப் பக்கம் போன் பிடித்துக்கொண்டிருந்தவரின் இடத்தில் இருந்து இப்போது கணக்குப் போட்டேன். 612 கோடியை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 1.68 கோடி விற்பனை. கடைக்காரர்கள் சராசரியாகப் பத்து நாள் தாமதித்தால், முழுக்கக் கடன் வியாபாரமாக இருக்கும் பட்சத்தில், 17 கோடி வெளியே சிக்கிக்கொள்ளும். ஒரு வருஷ லாபத்தில் பாதிக்கு மேல். ஒருவர் ஒரு லட்சம் பாக்கியோடு கடையைப் பூட்டிவிட்டுப் போனால், அதைச் சம்பாதித்து நிரப்ப இன்னும் 20 லட்சத்துக்குப் புடவை விற்க வேண்டும்.

இப்போது அந்த 104 கோடி எதற்கு என்ற பக்கத்துக்குப் போனேன். அதில் 81 கோடி நடைமுறை மூலதனத்துக்கு. புதுக் கடைக்கு இல்லை, கட்டடத்துக்கு இல்லை. சரக்கு வாங்கிப் போடவும் கடன் கொடுக்கவும். 81 கோடி என்பது 48 நாள் விற்பனை. நாம் பங்குக்குக் கட்டுகிற 160 கோடியில் பாதி, பதின்மூன்றாயிரம் கடைகளின் அலமாரியில் புடவையாக உட்காரப் போகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மொத்த வியாபாரத்தில் கடன்தான் சரக்கு. புடவை அதற்கு மேல் சுற்றிய துணி. ஆனால் ஏன் இப்போது என்று யோசித்தபோது, திருப்பூரில் நான் வேலை பார்க்கும் கணக்குப் பிரிவில் அந்த வருஷம் முழுக்க எங்களைப் படுத்திய ஒரு சமாச்சாரம் ஞாபகம் வந்தது. அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வருஷத்தை முடித்தால், அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது. வரி கட்டு என்பார்கள். 2023-24 கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஜவுளி ஊர்கள் எல்லாவற்றிலும் அந்த மார்ச் மாதம் ஒரே களேபரம். ஆர்டர்கள் ரத்தாயின, சரக்கு திரும்பி வந்தது.

சரஸ்வதி சாரி டிப்போ சரக்கு எடுப்பது சூரத், வாரணாசி, மவூ, தர்மாவரம், கொல்கத்தா, பெங்களூரு, நம் மதுரை என்று நாடெங்கும் இருக்கிற நெசவாளர்களிடமும் உற்பத்தியாளர்களிடமும். அவர்களில் பதிவு செய்த சின்ன உற்பத்தியாளர்களுக்கு 45 நாள் கெடு உண்டு. டிப்போவிடம் வாங்குகிற கடைக்காரருக்கு அந்தக் கெடு கிடையாது, ஏனென்றால் டிப்போ உற்பத்தியாளர் இல்லை, வியாபாரி. வாங்குகிற இடத்தில் கயிறு இறுக்கம், விற்கிற இடத்தில் தளர்வு. நடுவில் நிற்பவர் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். அந்த 81 கோடியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். இது என் ஊகம். ஆவணத்தில் இப்படி எழுதியிருக்கவில்லை.

நெசவாளர் பக்கம் இருந்து பார்த்தால் நல்ல சட்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்னாளபட்டியில் எங்கள் மாமா வீட்டில் நெய்கிறார்கள். அவரிடம் இந்தச் சட்டத்தைக் குறை சொன்னால் சோறு போட மாட்டார்.

இவ்வளவும் யோசித்துவிட்டு என்ன செய்தேன் என்றால், விண்ணப்பித்தேன். என் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று. ஞாயமாகப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் என் நோட்டில் எழுதியிருந்தது. ஆனால் கிரே மார்க்கெட்டில், அதாவது பட்டியலாகும் முன்பே வெளியே நடக்கிற கைமாற்று வியாபாரத்தில், வெளியீட்டு விலைக்கு மேல் பிரீமியம் ஓடுகிறது என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். வங்கிக் கணக்கில் பணம் முடங்கி நிற்கத்தானே போகிறது, கிடைக்காவிட்டால் திரும்பிவிடும் என்று ஒரு சமாதானம். கடைசி நாள் ஆகஸ்ட் 14 அன்று மத்தியானம் யுபிஐயில் ஒப்புதல் கொடுத்தேன். விற்பனைக்கு வைத்த பங்குகளைப் போல் மொத்தமாக 107 மடங்குக்கு விண்ணப்பங்கள் வந்திருந்தன. பணக்காரர்களின் பிரிவில் 350 மடங்குக்கு மேல், எங்களைப் போன்ற சில்லறைப் பிரிவில் 60 மடங்குக்கு மேல். குலுக்கல் சீட்டுதான். இரண்டு பெயருக்கும் விழவில்லை.

20-ம் தேதி செவ்வாய்க்கிழமை பங்கு பட்டியலாகி வர்த்தகம் தொடங்கியது. தொடக்க விலை தேசியப் பங்குச் சந்தையில் 194 ரூபாய், மும்பைச் சந்தையில் 200. சீட்டு விழுந்தவர்களுக்கு ஒரே காலையில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அலுவலகத்தில் ஒருவருக்கு விழுந்திருந்தது. மிக்சரும் காராசேவும் வாங்கிக் கொடுத்தார். நல்ல காராசேவு.

"இப்பவே வாங்கிப் போடுங்க, நாளைக்கு இன்னும் அஞ்சு பெர்சென்ட்" என்றார் அவர். அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. 250 கோடிக்குக் குறைவான சின்ன வெளியீடுகளுக்கு முதல் பத்து வர்த்தக நாள் ஒரு கட்டுப்பாடு உண்டு. விலை ஒரு நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. காலையில் வாங்கி மாலையில் விற்கிற தினசரி வியாபாரமும் கிடையாது. கம்பெனியின் நாலில் மூன்று பங்கு குடும்பத்தின் கையில். சந்தைக்கு வந்ததே ஒரு கோடிப் பங்குதான். பந்தியில் பத்து இலையும் வாசலில் ஆயிரம் பேரும் இருந்தால் சாப்பாடு ருசியா என்று யாரும் கேட்பதில்லை. அன்றைய 200 ரூபாய் அந்த நெரிசலின் விலை. கோல்ஹாப்பூர் கடையில் அன்று காலை எத்தனை மூட்டை கட்டினார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

200 ரூபாய்க்கு வாங்கினால் லாபத்தைப் போல் 27 மடங்கு. ஒன்றரை சதவீதம் விற்பனை கூடிய மொத்தக் கடைக்கு. நான் வாங்கவில்லை. இதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. சனிக்கிழமை பரணிலிருந்து இறக்கிய நோட்டு இன்னும் என் பையிலேயே இருந்தது, அதனால் கை போகவில்லை. 160-க்குச் சீட்டு விழுந்திருந்தால் முதல் நாளே விற்றிருப்பேனா, வைத்திருந்து மாட்டிக்கொண்டிருப்பேனா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், வைத்திருந்திருப்பேன்.

2025-ல் அந்தப் பங்கு வெளியீட்டு விலையான 160-க்கு வெகு கீழே போனது. சின்னக் கம்பெனிப் பங்குகள் எல்லாமே அடிவாங்கிய காலம் என்பதால் பழி முழுவதையும் இதன் மேல் போட முடியாது. பங்கு விலை இறங்கியதாலேயே கம்பெனி மோசம் என்றும் ஆகிவிடாது. 21 மடங்கில் யோசிக்க வேண்டியிருந்த கடை 10, 12 மடங்கில் கிடைத்தால் அது வேறு கணக்கு. (நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, சின்னக் கடைக்காரரின் மகன். இதை வைத்து யாரும் எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.)

இப்போது அந்தக் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும்போது நான் மூன்று எண்ணைத்தான் பார்க்கிறேன். வெளியே நிற்கிற பாக்கி எத்தனை நாள் விற்பனை, கிடங்கில் கிடக்கிற சரக்கு எத்தனை நாள் விற்பனை, நெசவாளருக்குக் கொடுக்க வேண்டியது எத்தனை நாள் கொள்முதல். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழிக்கிறேன். வருகிற நாள்களுக்குச் சொந்தப் பணம் போட்டாக வேண்டும். அந்த எண் சுருங்கிக்கொண்டே விற்பனையும் கூடினால், லாப விகிதம் ஆயிரத்துக்கு நாற்பத்தெட்டிலிருந்து நாற்பதுக்கு இறங்கினாலும் வாங்குவேன் என்று நினைக்கிறேன். மூன்று லட்சத்துக்கு மேல் உருப்படி ரகங்கள் வைத்திருக்கிறார்கள் என்று ஆவணத்தில் பெருமையாகப் போட்டிருந்தது. படித்தபோது எனக்கு அந்த 40 சினிமாப் புடவைதான் கண் முன்னால் வந்தது. மூன்று லட்சத்தில் எத்தனை அப்படி?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவே கேட்டார்.

"அந்தக் கோல்ஹாப்பூர்க்காரன் என்னடா ஆனான்?"

விலை இறங்கிய கதையைச் சொன்னேன்.

"அதை விடு. கடை ஓடுதா?"

"ஓடுதுப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அங்கே போக நேர் ரயில் இருக்கிறதா என்றார். மீரஜில் இறங்கி மாற வேண்டியிருக்கும் என்றேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் கடை வாசலில் நின்று, உள்ளே போகிற பேலையும் வெளியே போகிற பேலையும் எண்ணுவதற்குத்தான் கேட்கிறார் என்று தெரியும்.

"எந்தக் கிழமை சந்தைன்னு விசாரிச்சு வை" என்றார். "சந்தை அன்னிக்குப் போகக் கூடாது. எல்லாக் கடையும் கூட்டமாத்தான் இருக்கும். மறுநாள் போகணும்."